சுரங்கம் தோண்டாத எலக்ட்ரான்

2025 இயற்பியல் நொபேல் பரிசு கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் என்று அறிவித்த நாளிலிருந்து, அவர்கள் ஆராய்ந்த ‘குவாண்டம் சுரங்கப்பாதை’ என் காதில் விழாத வாரமில்லை. பொறுத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தக் கொடுத்தார்கள். தலைப்பு: ‘மீக்கடத்திச் சுரங்கப்பாதைச் சந்திகளில் மின்னணுக் குளிரூட்டல்’. மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஏசி போடுகிறார்களோ என்று என் மனைவி கேட்டாள்.

அந்தச் ‘சுரங்கப்பாதைச் சந்தி’, ஆங்கிலத்தில் ‘டனல் ஜங்ஷன்’, என்பது இரண்டு உலோகப் படலங்கள், நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு ஏடு. அலுமினியத்தின்மேல் ஆக்சிஜன் பட்டாலே, பாலில் ஆடை படிகிற மாதிரி இந்த ஏடு படிந்துவிடும். அது மின்சாரம் கடத்தாது. ஆனாலும் சில எலக்ட்ரான்கள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. இதைத்தான் ‘குவாண்டம் சுரங்கப்பாதை’ என்கிறார்கள். 1960-இல் இயற்பியலாளர் இவார் ஜியேவர் மீக்கடத்தியை, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளை, வைத்து இதை அளந்து காட்டினார். 1973-இல் நொபேல் பெற்றார்.

ஆங்கில ‘டனல்’ பழைய பிரெஞ்சில் பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் ‘சுரங்க’மோ வடமொழி ‘சுருங்கா’. அதற்கும் மூலம் கிரேக்கக் குழல் ‘சிரிங்ஸ்’ என்பது அறிஞர் பலரின் கருத்து. தூய தமிழ் என்று சுரங்கத்துக்காக வரிந்துகட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

ஆனால் என் சண்டை தூய்மைக்காக அல்ல. சுரங்கம் என்றால் யாரோ தோண்டியிருக்க வேண்டும். இங்கே எதுவும் தோண்டப்படுவதில்லை. ஒரு எலக்ட்ரான் போன பிறகும் ஏடு அப்படியே இருக்கிறது. அடுத்ததற்கென்று அந்த எலக்ட்ரான் வழி எதையும் விட்டுச் செல்வதில்லை. இதைவிட மோசம், ஆக்சைடில் நிஜமாகவே ஊசித்துளை விழுவதுண்டு. அது பழுது, விழுந்தால் அந்தச் சந்தி வீண். ஆக, நல்ல சந்திக்கு நாம் வைத்திருப்பது கெட்டுப்போன சந்தியின் பெயர். ‘புழை’ போடலாமே என்கிறார் ஒரு நண்பர். புழையும் ஓட்டைதான் ஐயா.

ஓட்டை விழுந்தால் என்ன கெடும் என்பது குளிர்விப்பில் தெரியும். ஒரு பக்கம் சாதா உலோகம், மறுபக்கம் மீக்கடத்தி. மீக்கடத்தியில் எலக்ட்ரான் தங்க இடமில்லாத ஆற்றல் இடைவெளி ஒன்று உண்டு. அலுமினியத்தில் அதன் வாசற்படி சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட் உயரம். மின்னழுத்தத்தை அதற்குச் சற்றுக் கீழே வைத்தால், சூடான எலக்ட்ரான்கள் மட்டும் படி தாண்டிப் போகும், மிச்சம் குளிரும். மண்பானைத் தண்ணீர் கதைதான்: வேகமான மூலக்கூறுகள் ஆவியாகக் கிளம்ப, உள்ளே இருப்பது சில்லிடுகிறது. 1994-இல் இதைச் செய்து காட்டிய மூவரில் ஒருவர், சுரங்கப்பாதையில் தள்ளப்பட்ட அதே மார்ட்டினிஸ். 1996-இல் பின்லாந்து இயற்பியலாளர் பெக்கோலாவும் கூட்டாளிகளும் உலோகத்தின் இருபுறமும் சந்தி வைத்து, எலக்ட்ரான்களை 0.3 கெல்வினிலிருந்து 0.1 கெல்வினுக்கு இறக்கினார்கள். ஊசித்துளை இருந்தால் சூடானதும் குளிர்ந்ததும் ஒன்றாக ஓடும். ஓட்டைப் பானை எதைக் குளிர்விக்கும்?

‘மின்னணுக் குளிரூட்டல்’ இன்னொரு கூத்து. அதைப் படிக்கிறவர் கம்ப்யூட்டர் மின்விசிறியைத்தான் நினைப்பார். இங்கே குளிர்வது எலக்ட்ரான். ‘எலக்ட்ரான் குளிர்விப்பு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இலங்கையில் ‘இலத்திரன்’ என்பார்கள், அதுவும் சரியே. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் போனால் பாதிக் குழப்பம் தீரும்.

‘சந்தி’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். சுரங்கத்துக்குப் பதில் ‘ஊடுருவல்’. உருவுதல் என்றால் ஒன்றன் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளிவருவது. மராமரம் ஏழையும் உருவிப் போன இராமன் அம்பு போல. அம்பு துளை விடுமே என்பீர்கள். விடும், ஆனால் சொல் சொல்வது போக்கை, துளையை அல்ல. எல்லை ஊடுருவல் ஞாபகம் வருகிறதாம் சிலருக்கு. வரட்டும், வேலி அப்படியே நிற்க ஆள் மட்டும் இந்தப் பக்கம் வந்திருப்பதுதானே அது.

‘ஊடுருவு சந்தி’ என்று திருத்தி அனுப்பினேன். நேற்று மெய்ப்பு வந்தது: ‘ஊடுருவு சுரங்கப்பாதைச் சந்தி’.