கதவை அறுப்பதற்கு முன் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள்

பெருங்களத்தூரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பின்கட்டுக் கதவில் கொஞ்சம் வேலை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். போனதும் கதவைக் காட்டவில்லை, பூனையைத்தான் காட்டினார். சாம்பல் நிறம், நல்ல வாளிப்பு. வாலின் நுனியில் மட்டும் இரண்டு அங்குலம் இல்லை.

"நான்தான் தம்பி கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வச்சிருந்தேன், அது போய் வரட்டும்னு. ஐப்பசிக் காத்து. அவ்வளவு பெரிய செங்கல் நகரும்னு எனக்குத் தோணவே இல்லை."

கதவு அறைந்து சாத்தியதில் வால் நிலைச்சட்டத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் நுனியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போதே டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கதவு வேலை செய்கிறேன். பூனைக்கதவு கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் இந்தச் சில வருடங்களாகத்தான் அதிகம். கடையில் 'கேட் ஃபிளாப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரிய கதவின் கீழ்ப்பகுதியில் பொருத்தும் சின்னக் கதவு அது. மேலே கீல், கீழே காந்தம். பூனை தலையால் முட்டினால் திறக்கும், போனதும் தானே மூடிக்கொள்ளும். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எங்க வீட்டுக் கதவுல ஓட்டை போட முடியுமா?" என்பதுதான். பெரும்பாலான கதவில் முடியும், அது ஒரு காலை நேரத்து வேலை. அந்த ஓட்டை எங்கே போய்த் திறக்கிறது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

நம் பழைய ஓட்டு வீடுகளில் இந்தப் பேச்சே இருந்ததில்லை. முற்றம் திறந்து கிடக்கும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கும், அங்கணத்துத் தூம்பு வழியாகக்கூடப் பூனை வந்து போகும். இப்போது தளம் போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, பால்கனிக்கு கிரில் போட்டு வீட்டையே மூடிவிட்டோம். பூனைக்கு மிஞ்சியது நாம் ஒருக்களித்து வைக்கும் கதவுதான். நான் பார்த்தவரையில் ஆபத்து அந்த ஒருக்களித்த கதவில்தான் இருக்கிறது. வால் நசுங்கும், கால் மாட்டும், கைக்குழந்தை விரலை விடும். பின்கதவு திறந்திருப்பது தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்.

கதவில் பூனைக்கு வழி விடுவது வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு கதவு இருக்கிறது, அதன் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. 1598-ல் பிஷப் வில்லியம் காட்டன் தன் பூனைக்காக அதைப் போடச் சொல்லி, தச்சருக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்ததாகக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். நானூறு வருடத்துக்கு முன்பு நம் தொழில்காரர் ஒருவர் செய்த வேலை இன்றும் கதவோடு நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அளவு எடுப்பதற்கு முன் கதவைத் திறந்து அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பேன். மதில் சுற்றிய கொல்லையா, சந்தா, வண்டி போகிற ரோடா? தெருநாய்கள் எங்கே படுக்கின்றன? பக்கத்து வீட்டில் எலிமருந்து வைக்கிறார்களா? ரோட்டைப் பார்த்த கதவு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தடுப்பூசியும் கருத்தடையும் முடியாத பூனைக்கு வெளிக்கதவில் நான் துளை போடுவதில்லை. அதற்காக என்னைத் திட்டியவர்களும் உண்டு. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், மரம் எங்கேயும் ஓடிவிடாது என்பேன்.

அடுக்குமாடிக்காரர்கள் பால்கனிக் கதவில் போடச் சொல்வார்கள். பால்கனி முழுக்க வலை அடித்த பிறகுதான் அந்தப் பேச்சு. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பி, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த பூனையின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டிக் கொண்டுவந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். புறாவைக் கண்டால் அது கைப்பிடிச் சுவரின் அகலத்தை யோசிக்காது.

உண்மையில் பிளாட்டுகளில் நான் போடுவது பெரும்பாலும் உள்கதவில்தான். குளியலறைக்குள்ளோ, துணி துவைக்கும் சர்வீஸ் ஏரியாவிலோ லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை கழிவதற்கான மணல் பெட்டியை வைத்துவிட்டு, அந்தக் கதவில் துளை. நாற்றம் வீட்டுக்குள் வராது, தவழ்கிற பிள்ளை மணலைக் கிளறாது. கதவு சாத்திக்கொண்டதால் பூனை வேறு எங்கோ அசிங்கம் செய்யும் தொல்லையும் நிற்கும். வெளியே விடாமலே பூனைக்கு வீட்டை ஓர் அறை பெரிதாக்கித் தரலாம். இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிடும், வெளிக்கதவை மறந்துவிடுவார்கள்.

வெளிக்கதவுதான் வேண்டும் என்றால், பூனை வெளியே போகிற வழியில் மற்றவை உள்ளே வரும். சமையலறை வாசனைக்குப் பெருச்சாளி முட்டிப் பார்க்கும். பக்கத்துத் தெருக் கடுவன் பூனை வந்து சாப்பாட்டைத் தின்றுவிட்டு மூலையில் சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போகும். காலி மனைகளுக்கு நடுவே வீடு என்றால் பாம்பையும் நினைக்க வேண்டும். அதனால் பூட்டே இல்லாத சாதாரண ஃபிளாப்பை வெளிக்கதவுக்கு நான் வாங்கச் சொல்வதில்லை. நாலு நிலைப் பூட்டு உள்ளதை வாங்குங்கள். உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இரண்டுக்கும், முழுக்க அடைக்க என்று குமிழைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். சாயங்காலம் 'வர மட்டும்' நிலையில் வைத்துவிட்டு, பூனை வந்ததும் அடைத்துவிட்டுப் படுக்கலாம்.

மைக்ரோசிப் படித்துத் திறக்கும் ரகமும் உண்டு. அரிசிமணி அளவுள்ள சிப்பை மருத்துவர் பூனையின் தோளிடுக்கில் தோலுக்கு அடியில் ஊசியால் வைப்பார். அதில் 15 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் உங்கள் பூனைக்கு மட்டும் தாழ் விலகும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வீட்டுப் பூனைகளுக்குச் சிப் கட்டாயம், அதனால் அங்கே இது சகஜம். பேட்டரியில் ஓடும். விலை சாதாரணத்தைவிடப் பல மடங்கு. கடுவன் தொல்லை தாங்காதவர்களுக்கு அந்தப் பணம் வீண் இல்லை. இரும்புக் கதவில் போடுவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். சுற்றிலும் இரும்பு இருந்தால் சிப்பைப் படிக்கும் கருவி தடுமாறும், தனியாக அடாப்டர் வைத்துத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

திருடன் விஷயமும் பேசிவிடுகிறேன். துளைக்குள் கையை விட்டு மேலே எட்டினால் தாழ்ப்பாள் அகப்படக் கூடாது. கீழ்த் தாழ்ப்பாள் இருக்கிற கதவில் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. நான் சட்டையை மடித்துவிட்டு என் கையையே விட்டுப் பார்ப்பேன். எட்டினால் தாழ்ப்பாளை மேலே ஏற்றுவோம், அல்லது துளையைக் கீல் பக்கம் தள்ளுவோம்.

எந்தக் கதவை வெட்டக்கூடாது? தலைவாசல் கதவை வேண்டாம். மஞ்சள் குங்குமம் வைத்த கதவு என்பது ஒரு பக்கம். தேக்குக் கதவை ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். உயரமான அடுக்குமாடிகளில் சில கதவுகள் தீத்தடுப்புக் கதவுகள். அதில் துளை போட்டால் தீயைத் தாங்கும் தன்மை போய்விடும், அசோசியேஷன் அனுமதித்தாலும் நான் தொடமாட்டேன். டஃபன்டு கண்ணாடியை வெட்டவே முடியாது. உளி பட்டாலும் டிரில் பட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். கண்ணாடியைச் சூடேற்றி இறுக்குவதற்கு முன்பே துளை எடுக்க வேண்டும், ஆகவே புதுக் கண்ணாடிக்குத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டிய வழவழப்பான ஃபிளஷ் கதவில் என் கையாலேயே ஒரு தப்பு நடந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு குளியலறைக் கதவு. தட்டிப் பார்க்காமல் அறுத்துவிட்டேன். உள்ளே கட்டை இல்லை, அட்டைக்கூடு மாதிரி வெறும் பொந்து. திருகு பிடிக்க இடமே இல்லை. எப்படியோ பிளைவுட் துண்டுகளைச் செருகி நிறுத்தினேன். ஆனால் அறுத்த விளிம்புக்குப் பூச்சு கொடுக்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் கதவின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு, நிலையில் உரசிச் சாத்தவே முடியவில்லை. என் செலவில் புதுக் கதவு போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து விரல் கணுவால் கதவு முழுக்கத் தட்டிக் கேட்காமல் ரம்பத்தை எடுப்பதில்லை. உள்ளே பொந்து என்றால், அறுத்த பிறகு நாலு பக்கமும் உள்ளே ரீப்பர் கட்டை அடைத்துப் பசை வைத்து, அதன் மேல்தான் திருகு. எந்தக் கதவானாலும் அறுத்த விளிம்புக்கு இரண்டு கை பிரைமர். தண்ணீர் முதலில் உறிஞ்சும் இடம் அதுதான்.

டீச்சர் வீட்டுக் கதவு வேப்பமரத்துப் பேனல் கதவு, அதாவது சட்டங்களுக்கு நடுவே பலகை செருகியது. பேனல் கதவில் கீழ்ச் சட்டத்தை வெட்டக் கூடாது. அதுதான் இரண்டு பக்கச் சட்டங்களையும் பிடித்து நிற்கிறது, அதை அறுத்தால் கதவு நாளாவட்டத்தில் தொங்கிவிடும். பேனலில்தான் துளை. பேனல் மெலிசு, சுற்றிலும் பீடிங் எழும்பி நிற்கும், ஃபிளாப்பின் சட்டம் சமமாக உட்காராது. பிளைவுட்டில் ஒரு சதுர வளையம் வெட்டி இரண்டு பக்கமும் வைத்து மட்டம் செய்தேன்.

அளவைப் பூனையிடம்தான் எடுக்க வேண்டும். டீச்சர் தட்டில் இரண்டு நெத்திலியைப் போட்டு வைக்க, அது நின்று தின்றது. நான் தரையில் உட்கார்ந்து, டேப்பைச் சத்தமில்லாமல் இழுத்து, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே பார்த்தேன். ஐந்து அங்குலமும் இரண்டு நூலும் (எட்டு நூல் ஓர் அங்குலம்). துளையின் கீழ்விளிம்பு ஏறக்குறைய அந்த உயரத்தில் இருந்தால் பூனை குனியவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். அப்புறம் வெளியே போய்ப் பார்த்தால், அந்தப் பக்கம் தரை ஒரு படி இறக்கம். உள்ளே வரும்போது பூனை ஓர் அடிக்கு மேல் எம்ப வேண்டியிருக்கும். வாசலில் ஒரு கடப்பாக்கல் துண்டைப் படியாகப் பதித்தோம். வயதான பூனைக்கும் சினைப் பூனைக்கும் இந்த ஒரு கல் எவ்வளவு பெரிய உதவி என்று பலருக்குத் தெரியாது.

நேராகக் கதவில் குறி வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் அதே அளவில், சாதாரணப் பூனைக்கு 6 அங்குலச் சதுரம், ஓர் ஓட்டை வெட்டி, இரண்டு நாள் கதவிடுக்கில் நிறுத்திப் பாருங்கள். தோள் உரசாமல் போகிறதா என்று தெரிந்துவிடும். பாரசீகப் பூனை ரோமத்தில் பெரிதாகத் தெரியும், உடம்பு சின்னது. மெயின் கூன் என்ற ரகம் உண்மையிலேயே பெரிது, அதற்குப் பெரிய ஃபிளாப்தான் வேண்டும். உங்கள் வீட்டுத் தவழும் பிள்ளையையும் மனதில் வையுங்கள். பூனைக்குப் பெரிதாகப் போட்டால் பிள்ளை தலையை நுழைக்கும்.

அறுக்கும் வேலை சுருக்கமானது. கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்க வைத்தால் கோடு பிசகாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறி, நாலு மூலையிலும் டிரில், பிறகு ஜிக்சா. குறியைவிட ஒரு நூல் தாராளம் போதும். வெளிப்பக்கம் மேலேயும் இரண்டு ஓரங்களிலும் சிலிக்கான் அடிப்பேன், அடிப்பக்கத்தை விட்டுவிடுவேன், உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியேற வேண்டுமே. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கிற பக்கம் என்றால் மேலே கையளவு தகரத் தாழ்வாரம் ஒன்று.

பொருத்திய அன்றே பூனையைத் தூக்கி அதற்குள் திணிக்காதீர்கள். ஒருமுறை பயந்துவிட்டால் மாதக்கணக்கில் கிட்டே வராது. முதல் சில நாள் ஃபிளாப்பை மேலே தூக்கி டேப்பால் ஒட்டி வெறும் துளையாக விடுங்கள். அந்தப் பக்கம் கருவாட்டுத் துண்டு. பிறகு பாதி இறக்குங்கள். கடைசியாக முழுக்க. சில பூனைகள் இரண்டு நாளில் பழகும், சில மூன்று வாரம் எடுக்கும். டீச்சரின் பூனை கதவுச் சத்தத்துக்கே நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் வாரம் பக்கத்தில்கூட வரவில்லை. டீச்சர் தினமும் சாயங்காலம் கடப்பாக்கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாதி திறந்த துளை வழியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் எனக்குப் போன் வந்தது. "தம்பி, தானா தள்ளிட்டு வந்துட்டா. வால் வெளியே வர்ற வரைக்கும் நான் மூச்சே விடல."

இன்னொன்று, வெட்டி எடுத்த மரத்துண்டை வீசிவிடாதீர்கள். பின்னால் வீடு மாறினாலோ, பூனை இல்லாமல் போனாலோ, அதே துண்டைப் பொருத்திப் பட்டி பார்த்து மூடினால் மரத்தின் ரேகை சேர்ந்துகொள்ளும். பின்பக்கம் பென்சிலால் மேல், கீழ் என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். டீச்சர் அதைப் பீரோவில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.