ஆயில் கொதித்தால் கியர்பாக்ஸ் தாங்காது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரில் ஏறி, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. டிரெய்லரை இழுத்தபடி அந்த ஏற்றத்தில் போகும் பிக்கப் டிரக்கில் பெரும்பாடு படுவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில்தான்.

காரணம், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சின் சுழற்றும் சக்கரம் ஆயிலை வீசியடிக்கிறது; அந்த விசையில் எதிரே உள்ள சக்கரம் சுழன்று கியர்பாக்ஸை இயக்குகிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகாத வரை, நழுவும் ஆற்றல் அவ்வளவும் வெப்பமாகிறது. சமதரையில் லாக்கப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பூட்டு விலகிவிடும். 100 கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கு நழுவினாலே, ஐந்து இன்டக்ஷன் அடுப்புகளை முழு வேகத்தில் வைத்த சூடு ஆயிலில் ஏறுகிறது.

80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. 115 டிகிரியைத் தாண்டினால் பிசின் போன்ற படிவு வால்வுகளில் ஒட்டத் தொடங்கும். இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகி, கிளட்ச் தகடுகள் வழுக்கும்.

இந்தச் சூட்டைத் தணிக்கும் கூலர், பல டிரக்குகளில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. குளிர்காலக் காலையில் அதே கூலர் ஆயிலைச் சூடேற்றவும் உதவுகிறது. அருமையான ஏற்பாடு; ஆனால் ஆயிலையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃபிரான்டியர், எக்ஸ்டெரா, பாத்ஃபைண்டர் வண்டிகள் சிலவற்றில் இந்தத் தடுப்பு பழுதாகி இரண்டும் கலந்தன. வழக்குகள் தொடரப்பட்டன, நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை நீட்டித்தது. கலந்த ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் நுரைக்கும். கூலண்டிலிருந்து வந்த தண்ணீரும், கிளைக்கால் (glycol) என்ற உறைதடுப்புப் பொருளும் கிளட்ச் தகடுகளின் பசையை இளக்கி, உராய்வுப் பூச்சை உரித்துவிடும். அந்த நிறத்தைக் கண்டால் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

அந்த வண்டிகளின் பழைய ரேடியேட்டரைப் புதியதாக மாற்றலாம். அல்லது அதன் உள்கூலரை விலக்கி, முன்னால் தனிக் கூலர் பொருத்தலாம். மற்ற டிரக்குகளில் உள்கூலரை விலக்க வேண்டாம் என்பேன். ரேடியேட்டரைக் கடந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் கூடுதல் கூலரை இணைப்பதே சரி. கடுங்குளிர்ப் பகுதியென்றால், ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்குள் விடாமல் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வும் வேண்டும். குளிர்ந்து கெட்டியான ஆயில் கூலரின் குறுகிய பாதைகளில் சரிவர ஓடாது.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்த ஹோஸ்தான் போட வேண்டும். உலோகக் குழாயின் முனையில் சிறு புடைப்பு இல்லாவிட்டால், கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்தில் ஹோஸ் கழன்று, ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும்.

கியர்பாக்ஸ் ஒருமுறை கெட்டு மாற்றினால் கூலரையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலரின் தகடுகளுக்கிடையில் சிக்கிய உலோகத் துகள்கள் எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. புதிய கியர்பாக்ஸுக்குள் முதலில் நுழைவது அவைதான்.