முப்பது வெள்ளி ஸ்கேனரும் காடியின் வாக்குமூலமும்

பினாங்குப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தால் வயிற்றைக் கலக்கும், 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஓரங்கட்டி நிற்க யாருக்கு மனசு வரும்? எனக்கு அப்படித்தான் எரிந்தது. மறுநாள் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்த ஃபோர்மேன், பி0171 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது, ஆக்சிஜன் சென்சாரை (எஞ்சின் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்ப்பது) மாற்ற வேண்டும் என்று சில நூறு வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். கையில் காசில்லை, அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டேன் (அறிவாளித்தனமெல்லாம் இல்லை). அப்புறம் ஷாப்பி இணையக் கடையில் முப்பது வெள்ளிக்குள் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். கடைசியில் பார்த்தால் சென்சார் நன்றாகத்தான் இருந்தது, வெடித்துப்போயிருந்தது ஒரு ரப்பர் குழாய்.

ஸ்கேனர் எதையும் சோதிப்பதில்லை. சோதிப்பது காடிக்குள், அதாவது காருக்குள், இருக்கும் கணினி, ஸ்கேனர் அதனிடம் கேள்வி கேட்டு பதிலை வாங்கி வருகிறது, அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட, கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி-2 முறையின் சாக்கெட் அது. "நிமிடத்துக்கு எத்தனை சுற்று?" என்று ஸ்கேனர் கேட்டால் கணினி இரண்டு எண்களை அனுப்பும். உதாரணத்துக்கு 11, 184 என்று வந்தால், முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும்: 750. எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் சும்மா, ஓடுகிறது என்று அர்த்தம். தண்ணீரின் சூடு இன்னும் எளிது, வரும் எண்ணில் 40-ஐக் கழித்தால் போதும், 130 வந்தால் 90 டிகிரி. இந்தக் கணக்கை உலகத்துக்கே பொதுவாக வைத்துவிட்டதால்தான் மலிவான கருவியும் விலையுயர்ந்த கருவியும் இந்த அளவில் ஒரே பதிலைத் தருகின்றன.

சரி, பி0171 என்ன சொல்கிறது? முதல் எழுத்து பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது, அடுத்த 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. மொத்தத்தில் "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு". ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தச் சென்சார்தான் புகார் கொடுத்தது, புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்ட கதைதான் எனக்கு நடக்கவிருந்தது.

எனக்கு உதவியது குறியீடு இல்லை, ஓடும்போதே மாறும் எண்கள். அதில் ஃபியூவல் டிரிம் என்று ஒன்று உண்டு: வழக்கமான அளவிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கணினி கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. என் காடியில் ஐட்லிங்கில் 22 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தது, ஆனால் 2,500 சுற்றுக்கு மிதித்ததும் 4-க்கு இறங்கியது. என் காடியில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது, அதைத் தாண்டி எங்கேயோ ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் இப்படித்தான் காட்டும். ஒரு குவளை தே தாரிக்கில் (ஆற்றிய பால் டீ) ஒரு கரண்டி தண்ணீர் விழுந்தால் நாக்குக்குத் தெரியும், வாளி நிறைய இருந்தால் தெரியாது, அதுபோல எஞ்சின் கொஞ்சமாகக் காற்று இழுக்கும்போது ஓட்டை பெரிதாகத் தெரிகிறது. மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

அதனால் வாங்கும்போது "எத்தனை ஆயிரம் குறியீடு படிக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், ஓடும் எண்களைக் காட்டுமா என்று மட்டும் பாருங்கள். இந்தச் சின்ன புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இஎல்எம்327 என்ற கனடா நாட்டுச் சிப்பின் நகல். அந்தச் சிப்பைச் செய்த கம்பெனி முதல் பதிப்பில் நகல் தடுப்பை இயக்காமல் விட்டதால் உள்ளே இருந்த நிரலை அப்படியே எடுத்துவிட்டார்கள். உறையில் பதிப்பு 2.1 என்று போட்டிருந்தாலும் உள்ளே பழையதே இருக்கலாம். மிக மலிவான நகல்கள் சிலவற்றில் பழைய கார்கள் பேசும் மொழிகள் இருக்காது, மகனின் புது மைவி காரோடு பேசும் கருவி அப்பாவின் பழைய காடியில் வாயைத் திறக்காது. ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற கடையில் வாங்கி, அன்றைக்கே உங்கள் காடியில் செருகிப் பாருங்கள். ஐபோன்காரர்கள் சாதாரண புளூடூத் கருவியை வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம், உங்களுக்கு வைஃபை அல்லது புளூடூத் 4.0 வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் விளக்கு எரிந்தால் இந்த விலைக் கருவிகள் பொதுவாக உதவாது, அதற்கு உங்கள் காடி மாடலின் பெயர் போட்ட, கொஞ்சம் கூடுதல் விலைக் கருவி தேவை.

அழிக்கும் பொத்தானை முதலில் தொடாதீர்கள். கோளாறு நடந்த நொடியில் வேகம், சூடு, சுற்று எவ்வளவு என்று கணினி எடுத்து வைத்த படமும் சேர்ந்து போய்விடும், முதலில் எல்லாவற்றையும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டின் 16-ஆம் ஊசிக்கு சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும், நான் ஒரு முறை மறந்து இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்து, பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஜம்பர் வயர் கேட்டு நின்றேன்.