மக்காச்சோளக் காட்டில் அடித்த காற்று கணக்கில் வருகிறதா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள பட்லர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) சுமார் 14,000 பேர் வசிக்கிறார்கள். அங்கே போக்குவரத்து சிக்னலும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. 2008 மே 25 அன்று ஈஎஃப்-5 டொர்னேடோ (உச்சபட்சத் தரமுள்ள சுழற்காற்று) ஒன்று பார்க்கர்ஸ்பர்க் ஊரையும் நியூ ஹார்ட்ஃபர்ட் பக்கத்தையும் சூறையாடி 9 பேரைக் கொன்றது. இரண்டே வாரத்தில் பீவர் ஓடை பெருகி நியூ ஹார்ட்ஃபர்டுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு கவுண்டியின் பேரிடர் ஆபத்தை மதிப்பிடும்போது, காற்றுக்கு ஒரு தாள், வெள்ளத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டால் இது பிடிபடாது. கூரை போன வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும்.

பேரிடர் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் தணிப்புப் பணிகளுக்கு மத்திய அரசின் நிதி வேண்டுமென்றால், ஒவ்வொரு கவுண்டியும் 5 ஆண்டுக்கு ஒருமுறை பேரிடர் தணிப்புத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், 1950 முதலான டொர்னேடோ பதிவுகளை எடுத்து எண்ணி, ஆண்டுகளால் வகுத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஈஎஃப் அளவு காற்றை அளப்பதில்லை, சேதத்தைப் பார்த்துக் காற்றை ஊகிக்கிறது. இடிய வீடு இல்லாத வயலில் எவ்வளவு பலமாக அடித்தாலும் பதிவில் சிறியதாகவே நிற்கும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, 2.6 மைல் அகல டொர்னேடோவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 300 மைல் வேகக் காற்றை ரேடார் கண்டது. சேதத்தை வைத்து அதற்குக் கிடைத்த தரம் ஈஎஃப்-3. ஆகவே ஒரு கவுண்டியின் பட்டியலை மட்டும் நம்பாமல், சுற்றியுள்ள கவுண்டிகளின் பதிவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் தேசிய ஆபத்துக் குறியீடு 18 பேரிடர்களை எடைபோடுகிறது. முதல் பார்வைக்கு நல்ல கருவிதான். ஆனால் இழப்பு டாலரில் கணக்கிடப்படுவதால், வீடும் ஆளும் குறைந்த கவுண்டி பின்வரிசைக்குப் போய்விடும். அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

வெள்ள வரைபடத்திலும் இதே கவனம் வேண்டும். கிராமப்புற ஓடைகள் பல, வெள்ள அபாயமுள்ள 'ஏ' மண்டலம் என்று தோராயமாக வரையப்பட்டிருக்கும், வெள்ள மட்டத்தின் உயரம் குறித்திருக்காது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயரே ஆளை ஏமாற்றும். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால், 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் 26 சதவீதம். ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் நேரில் போய், அது மூழ்கினால் ஆம்புலன்ஸ் எத்தனை மைல் சுற்ற வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் நீர் ஓர் அடி இருந்தாலே சிறிய கார்களை அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து, வயலோரம் நிற்கும் வெள்ளை அமோனியா தொட்டிகள். 1,000 காலன் தொட்டியை 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த அளவோடு நிறுத்தினாலும் உள்ளே சுமார் 2 டன் உரம் இருக்கும். காற்று அதை உருட்டி வால்வு உடைந்தால் திரவம் குபுகுபுவென ஆவியாகும். அமோனியா காற்றைவிட லேசான வாயுதான், ஆனாலும் குளிர்ந்த அந்த மேகம் தரையோடு தவழும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தைத் தேடிப் பிடித்து வெந்துபோகச் செய்யும். தொட்டி எந்தப் பருவத்தில் எங்கே நிற்கிறது, காற்று அந்த மேகத்தைக் கொண்டுபோகும் பக்கம் பள்ளியோ முதியோர் இல்லமோ உண்டா என்பதெல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். கூட்டுறவுக் கிடங்கில் 500 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், அவசரத் திட்டத்துக்காக அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மொபைல் ஹோம்கள், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகள். அபாயச் சங்கு வெளியில் இருப்பவர்களை எச்சரிப்பதற்காக வைத்தது, உறங்குகிறவரை எழுப்ப அல்ல. ஆகவே எச்சரிக்கை வந்தால் தானே ஒலிக்கும் வானிலை வானொலி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். டொர்னேடோவின்போது மொபைல் ஹோமுக்குள் இருப்பது பாதுகாப்பல்ல, தரையோடு கட்டியிருந்தாலும் சரி. பக்கத்து தேவாலயத்தின் நிலவறைதான் புகலிடம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால், இரவு 2 மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.