பேஸ்மேக்கர் இருக்கிறது என்று நெஞ்சு இறுக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

"அப்பாவுக்குத்தான் பேஸ்மேக்கர் வெச்சாச்சே டாக்டர், அப்புறம் எப்படி அட்டாக் வரும்?"

சென்னையில் இதய நோய் மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கேட்பவர்களில் ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் உண்டு, ரிட்டயர்டு வாத்தியார்களும் உண்டு. அந்த மிஷின் இதயத்தை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளும் என்று வீடே நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில், நெஞ்சைப் பிசைகிறது என்று பெரியவர் சொன்னதும் வாயுவாக இருக்கும் என்று ஜெலுசிலும் ஓமத் தண்ணியும் கொடுத்து ராத்திரியை ஓட்டிவிட்டு விடிந்த பிறகு கூட்டிவருகிறார்கள். அந்த ராத்திரிக்குள் இதயத் தசையில் எவ்வளவு செத்துப்போயிருக்கும் என்பதுதான் என் கவலை.

பேஸ்மேக்கருக்கு வேலை ஒன்றுதான். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒன்றோ இரண்டோ வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. துடிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, பெரும்பாலும் நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்கினால் சின்னதாக ஒரு மின்தூண்டல் கொடுத்துத் துடிக்க வைக்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற கரோனரி குழாயில் கொழுப்பு படிவதையோ, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதையோ அது தடுக்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், பலருக்குச் சுகரும் பிபியும் கூடவே இருக்கும். அவர்களுக்கு மாரடைப்பு வராமலிருக்க எந்தக் காரணமும் இல்லை.

இதில் வீட்டுக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது, கொரோனா காலத்தில் வாங்கி வைத்த அந்த விரல் கருவிதான். பெரியவர் பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், விரலில் மாட்டினால் ஆக்சிஜன் 97, பல்ஸ் 60 என்று காட்டும், உடனே "எல்லாம் நார்மல், படுப்பா" என்பார்கள். அந்த 60 மிஷின் போட்டுக் கொடுக்கிற 60. மிஷின் ஓடுகிறது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. போன மாதம் செக் பண்ணியபோது பேட்டரி இன்னும் ஏழு வருஷம் வரும் என்றார்களே என்று சிலர் கேட்பார்கள். சரி, அது பேட்டரியைப் பற்றிய செய்தி, ரத்தக்குழாயைப் பற்றியது அல்ல.

ஈசிஜியும் இவர்களுக்குச் சிக்கல்தான். மிஷின் தூண்டித் துடிக்கும்போது ஈசிஜியின் வடிவமே மாறிவிடும், மாரடைப்பைக் காட்டுகிற மாற்றங்கள் அதில் மறைந்துபோகலாம்; பல ஈசிஜி கருவிகள் பேஸ்மேக்கர் ரிதம் என்று அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் தெருமுனை கிளினிக்கில் ஒரே ஒரு ஈசிஜி எடுத்து "புதுசா ஒண்ணும் இல்லை" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புவது போதாது. பழைய ஈசிஜியோடு ஒப்பிட வேண்டும், இதயத் தசை சேதமடைந்திருக்கிறதா என்று காட்டுகிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் சில மணி நேரம் கழித்து அதைத் திரும்ப எடுக்க வேண்டும், எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எப்போது கிளம்புவது? சும்மா இருக்கும்போதே நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால், அல்லது கை, தாடை, முதுகுக்குப் பரவினால், வேர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், வாந்தி வந்தால், கண் இருட்டினால், உடனே 108. சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் திடீர் அசதியும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம், அதையும் இதே கணக்கில் சேருங்கள். பையனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊர் டிராஃபிக்கைக் கடந்து வர வேண்டாம். 108ல் பேசும்போதே பேஸ்மேக்கர் இருக்கிறது என்று சொல்லுங்கள், கேத் லேப், அதாவது இதயக் குழாய் அடைப்பைக் கண்டுபிடித்துத் திறக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அதனால் பக்கத்து வீட்டார் கொடுத்த ஆஸ்பிரினைக் கேட்காமல் போடாதீர்கள். படி ஏறினால் மட்டும் வந்து, நின்றால் அடங்குகிற இறுக்கம் புதிதாக ஆரம்பித்திருந்தாலும் அடுத்த செக்-அப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும்.

மிஷின் வைத்துச் சில வாரங்களே ஆனவர்கள் கதை கொஞ்சம் வேறு. தையல் போட்ட இடத்தில் சில நாள் வலி இருப்பது சகஜம். ஆனால் மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது, மூச்சுத் திணறுகிறது, விடாமல் விக்கல் வருகிறது அல்லது வயிறு தானாகத் துடிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் வயர் இடம் மாறியிருக்கலாம், அபூர்வமாக இதயச் சுவரைத் துளைத்து வெளியே ரத்தம் கசியலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டியவை இவை; மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் உடனே எமர்ஜென்சி. தையல் இடம் வீங்கிச் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், மிஷின் வைத்த இடத்துக்கே போங்கள்.

சிலருக்கு மிஷினின் செட்டிங்கே காரணமாக இருக்கும். உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டுகிற சென்சார் பல பேஸ்மேக்கர்களில் உண்டு, மேடு பள்ளமான ரோட்டில் ஷேர் ஆட்டோ குலுங்குவதைக்கூட அது நடை என்று எடுத்துக்கொள்ளலாம். குழாயில் அடைப்பு உள்ளவருக்குத் துடிப்பு ஏறினால் நெஞ்சு இறுகும். செட்டிங்கை மாற்ற ஆபரேஷன் வேண்டாம், வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். ஆனால் இது செட்டிங் கோளாறா அடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

பேஸ்மேக்கர் கார்டை லேமினேட் பண்ணிப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்துகிறார்கள். நள்ளிரவில் எமர்ஜென்சியில் நிற்கும்போது, என்ன மிஷின், எந்த வருஷம் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. கார்டை பர்ஸில் வையுங்கள். அதையும், நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு ஈசிஜியையும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள்.

அப்புறம், ஆள் சரிந்து விழுந்து பேச்சு மூச்சில்லை என்றால், மிஷின் உடைந்துவிடுமோ ஷாக் அடித்துவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நடு நெஞ்சில் பலமாக, வேகமாக அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை. ஷாக் கொடுக்கிற கருவி (ஏஇடி) கிடைத்தால் அதன் ஒட்டுப் பட்டையை பேஸ்மேக்கர் மேட்டின் மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். அந்தக் கருவி விலகச் சொல்லும் நேரம் தவிர, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.