பதினான்கு வயதில் மூளை நிறம் பார்க்கிறதா?

"எங்கள் பிள்ளை நிறம் பார்த்துப் பழகுகிறவன் இல்லை" என்று பெற்றோர் சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. பிள்ளையும் மனதார அப்படித்தான் நம்புகிறான். ஆண்ட்ரூ பேரன், மஹ்சரின் பனாஜி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க வெள்ளையினத்தவரை 6 வயதினர், 10 வயதினர், பெரியவர்கள் என மூன்று பிரிவாகச் சோதித்தார்கள். "யாரைப் பிடிக்கும்?" என்று நேராகக் கேட்டபோது, வயது ஏற ஏற வெள்ளையினத்தவர் பக்கம் சாயும் சார்பு குறைந்து, பெரியவர்களிடம் இல்லாமலே போனது. முகங்களை நல்ல, கெட்ட சொற்களோடு சேர்க்கும்போது பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்று அளக்கும் சோதனையிலோ மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சார்பு. வளர வளர மாறியது வாய்ப்பேச்சுதான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? காதுக்கு முன்னால் உள்ள கன்னப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா இருக்கிறது. "இதைக் கவனி" என்று உடம்பை உஷார்ப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. ஈவா டெல்சர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 4 முதல் 16 வயது வரையிலான 32 பேருக்கு வெள்ளை, கறுப்பின முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிறு பிள்ளைகளிடம் வேறுபாடு இல்லை. கறுப்பின முகங்களுக்கு அமிக்டலா கூடுதலாக எதிர்வினை காட்டியது 14 வயதுவாக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது. பல இன நண்பர்களோடு புழங்கும் பிள்ளைகளிடம் அதுவும் மங்கலாகவே இருந்தது. 32 பேர் குறைவான எண்ணிக்கைதான். ஆனாலும், நிறத்தோடு கருத்து ஒட்டிக்கொள்வது சீக்கிரமே நடக்கிறது, அது உடம்பை உஷார்ப்படுத்தும் அளவுக்குக் கனப்பது பதின்பருவத்தில் என்றே இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து நாங்கள் வாசிக்கிறோம்.

அமிக்டலா எதிர்வினை காட்டினால் வெறுப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். லீபர்மன் குழுவினரின் 2005 ஆய்வில் கறுப்பின அமெரிக்கர்களின் அமிக்டலாவும் கறுப்பின முகங்களுக்கே கூடுதலாக எதிர்வினை காட்டியது. சுற்றியுள்ள சமூகம் ஓயாமல் சொல்லித்தந்ததை மூளை யாருடையதென்று பார்க்காமல் பதிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆண்டில் வீலர், ஃபிஸ்க் இருவரும் செய்த சோதனை பள்ளி ஆலோசகர்களுக்கு இன்னும் பயன்படும். ஒரே மாதிரிப் படங்கள். வேலை மட்டும் மூன்று விதம். முகத்தில் புள்ளி இருக்கிறதா என்று தேடுவது. இவருக்கு வயது 21க்கு மேலா என்று வகைப்படுத்துவது. இந்தக் காய்கறி இவருக்குப் பிடிக்குமா என்று ஊகிப்பது. வெள்ளையினப் பங்கேற்பாளர்களின் அமிக்டலா கறுப்பின முகங்களுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது வகைப்படுத்தும்போது மட்டும்தான். இவருக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா என்று யோசிக்கிற நேரத்தில் அவர் ஒரு தனி ஆளாகிவிடுகிறார்.

நேரமும் ஒரு காரணி. கன்னிங்ஹாம் குழுவினர் (2004) முகத்தை 30 மில்லி வினாடி காட்டியபோது தெரிந்த அமிக்டலா வேறுபாடு, 525 மில்லி வினாடி காட்டியபோது வெகுவாகக் குறைந்தது. நிதானமாக யோசிக்க உதவும் நெற்றிப்பக்க மூளை அதற்குள் வேலையில் இறங்கியிருந்தது. பதின்பருவத்தில் அந்தப் பகுதி இன்னும் வளர்ந்து முடியவில்லை. தூக்கம் கெட்ட நாளில், அவசரத்தில், நண்பர்கள் சூழ நிற்கும்போது நிதானம் இன்னும் தாமதமாகத்தான் வரும்.

பள்ளிகளில் அடிக்கடி சறுக்குவது ஒருநாள் பயிலரங்கில்தான். லாய் குழுவினர் 2016இல், உடனடியாகச் சார்பைக் குறைத்த 9 முறைகளைச் சில மணி முதல் சில நாள் கழித்து மறுபடி அளந்தார்கள். ஒன்றுகூட நிலைக்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் பொத்தான் சோதனையை எடுக்கவைத்து, மதிப்பெண்ணைக் காட்டி மாணவனைத் திருத்தப் பார்ப்பது அதைவிட மோசம். அதே ஆள் மறுவாரம் எடுத்தால் வேறு மதிப்பெண் வரலாம். தனி ஆளை எடைபோட அது உதவாது.

ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் போதும் என்பதும் பலிப்பதில்லை. இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் நிறவாரியாகப் பிரிந்துவிடும். குழு வேலை கொடுங்கள். நான்கைந்து பேர், பல வாரம் மாறாத குழு, ஒருவர் கையில் உள்ள தகவல் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலை, எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். எழுதுவதை ஒருவருக்கும் மேசை தூக்குவதை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் பழைய படிநிலையே திரும்பி வரும். ஒரு இனத்துக்கு ஒரே பிள்ளை என்று குழுவுக்குள் தனியாக விடுவதையும் தவிருங்கள். அந்தப் பிள்ளை தன் இனத்துக்கே பிரதிநிதியாகி மூச்சுமுட்டிப்போகும்.

பையன் ஏதாவது சொல்லிவிட்டால் "நீ இனவெறியன்" என்று பாயாதீர்கள். அவமானப்பட்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். தனியாகக் கூப்பிட்டு, "அவன் என்ன செய்தான்? உனக்கு எப்படித் தெரிந்தது? இதையே உன் நண்பன் செய்திருந்தால்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பிறகு பேசாமல் காத்திருங்கள்.

ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ஒகோனோஃபுவா, எபர்ஹார்ட் இருவரின் 2015 ஆய்வில் மாணவனின் பெயர் மட்டுமே மாறியது, குறும்பு ஒன்றேதான். இரண்டாம் முறை தவறு செய்தவனுக்குக் கறுப்பினப் பெயர் இருந்தபோது அமெரிக்க ஆசிரியர்கள் கூடுதல் கடுமையான தண்டனையை நினைத்தார்கள். அதனால் இரண்டாம் தவறுக்கான தண்டனையை அன்றே முடிவுசெய்யாதீர்கள். நடந்ததை மட்டும் நான்கு வரியில் எழுதி, பெயரை மறைத்து, வேறொரு ஆசிரியரிடம் காட்டுங்கள். "திமிராக நின்றான்" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, அவன் கை எங்கே இருந்தது, வாயிலிருந்து என்ன சொல் வந்தது என்று எழுதுங்கள்.