கையளவு மலம், கட்டுக்கடங்காத அவசரம்

பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற நோய் தீவிரமாக இருக்கும்போது ஒருவர் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் கழிப்பறைக்கு ஓட நேரிடலாம். பல முறை வெளியேறுவது கொஞ்சம் சளியும் இரத்தமும் மட்டுமே. இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது “என்ன சாப்பிட்டாய்?” என்பதுதான். பாவம், அவர் சாப்பிட்டதில் விடை இல்லை. குடலின் சுவரில் இருக்கிறது.

குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. பெருங்குடலை எட்டும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரில் 100 முதல் 200 மில்லிலிட்டர்தான் மலத்தோடு போகிறது. சுவரின் செல்கள் சோடியத்தை இழுக்கின்றன. நீர் அதைப் பின்தொடர்கிறது.

அழற்சி முதலில் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்கள் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்கள்), சோடியத்தை இழுக்கும் புரதங்களைக் குறைத்துவிடுகின்றன. செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகளும் தளர்கின்றன. கிளாடின்-2 என்ற புரதம் அங்கே பெருகுவதால், உறிஞ்சிய உப்பும் நீரும் மீண்டும் குடலுக்குள்ளேயே கசிகின்றன. புண் விழுந்த இடங்களில் இரத்தமும் புரதமும் ஒழுகுகின்றன.

தசைகளின் ஒழுங்கும் குலைகிறது. நலமான பெருங்குடல் பெரும்பாலான நேரம் உள்ளிருப்பதை முன்னும் பின்னும் பிசைந்தபடி நிறுத்தி வைக்கிறது; நீரை உறிஞ்ச நேரம் கிடைப்பது அதனால்தான். அழற்சியின்போது இந்தப் பிசைதல் குறைந்து, நெடுந்தூரம் தள்ளிச் செல்லும் பலத்த சுருக்கங்கள் அடிக்கடி எழுகின்றன.

ஆனாலும் நோயாளியை அதிகம் வதைப்பது பெருங்குடலின் கடைசியில் இருக்கும் மலக்குடல் என்றே சொல்வேன். அது ஒரு பலூனைப்போல விரிந்து இடம் கொடுக்க வேண்டிய உறுப்பு. வீங்கித் தடித்த சுவரால் விரிய முடியாது. வலி நரம்புகளும் கூர்மையடைந்திருப்பதால், கையளவு மலமோ வாயுவோ வந்தாலே நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. போய்வந்த பின்னும் மீதி இருப்பதாகத் தோன்றி முக்க வைப்பதும் இதனால்தான். அடக்கிக்கொள்ளும்படி அவரிடம் சொல்வது அநியாயம். அடக்கி வைக்கும் இடமே சுருங்கிவிட்டது. மலக்குடலில் மட்டும் அழற்சி உள்ள சிலருக்கு மேற்பகுதியில் மலம் இறுகித் தேங்கிவிடுவதும் உண்டு. அவசரமும் மலச்சிக்கலும் ஒரே உடலில்!

குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோயில் கதை வேறு. அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வருவது மிகச் சாதாரணம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அது பழுதானால் அவை பெருங்குடலுக்குள் வழிந்து, நீரைச் சுரக்க வைக்கின்றன. வைட்டமின் பி12-உம் அங்கேதான் உடலில் சேர்கிறது. ஆறிய புண்கள் தழும்பாக இறுகினால் பாதை குறுகி, சாப்பிட்ட பின் வயிறு உப்பி வலிக்கும்.

காரணங்கள் இப்படிப் பிரிந்து கிடப்பதால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் ஒரே மாத்திரையை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. கடுமையான கொலைடிஸில் அப்படிப்பட்ட மாத்திரையான லோபெரமைடு ஆபத்தாகவும் முடியலாம். பெருங்குடல் செயலிழந்து அபாயகரமாக விரிந்துவிடக்கூடும்.

அழற்சி அடங்கிய பிறகும் சிலருக்கு அவசரம் தொடர்கிறது. நரம்புகளின் கூர்மை உடனே மழுங்குவதில்லை. இங்கேதான் மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை உதவுகிறது. அது நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதம். அளவு உயர்ந்திருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். குறைவாக இருந்தும் தொல்லை நீடித்தால், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டுவதற்கு முன் பித்த அமிலத்தையும் நரம்புகளின் மிகை உணர்வையும் மருத்துவர் கவனிக்க வேண்டும்.